நாய்க் கழிவுத் தொட்டிக்கு நாற்பது நிமிடம்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் நாய்க் கழிவு பற்றி ஒரே ரகளை. படம், எச்சரிக்கை, யார் வீட்டு நாய் என்ற துப்பறிதல் என்று எண்பது மெசேஜுக்கு மேல் ஓடியது. அதே விஷயம் பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கு வந்த அன்று பொதுமக்கள் நாற்காலிகளில் என்னையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் இது. ஒரு சர்ச், ஒரு பப், ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காத ஒரு பஸ். பாரிஷ் கவுன்சிலை நம்ம ஊராட்சி மன்றம் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அந்த அளவு அதிகாரம் கிடையாது. இதற்கு மேல் இரண்டு அடுக்கு: டிஸ்ட்ரிக்ட், அதற்கும் மேல் கவுண்டி. ரோட்டுக் குழி என்றால் கவுண்டி கவுன்சிலிடம் போகணும். குப்பை வண்டியும் வீடு கட்ட அனுமதியும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கையில். பாரிஷுக்கு மிஞ்சுவது பஸ் நிழற்குடை, பெஞ்ச், விளையாட்டுத் திடல், காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள். அப்புறம், ஒரு பவுண்டுக்கு வாங்கிய சிவப்பு டெலிபோன் பூத். உள்ளே இப்போது போன் இல்லை, நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் தொங்குகிறது.

நாய்க் கழிவைப் போட ஒரு தொட்டி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கு நாற்பது நிமிடம் ஆனது. முதல் பத்து நிமிடம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கிளார்க் அம்மா கணக்கைக் காட்டினார். தொட்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதைக் காலி செய்ய டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொரு தடவைக்கும் பில் போடும். வாரம் ஒரு தடவை என்றாலே வருஷத்துக்கு 52 பில். அந்தக் காசு நாங்கள் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸில் 'பிரிசெப்ட்' என்று தனி வரியாக வருவது. அதாவது, அந்த மேஜையில் இருந்தவர்கள் தங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தைச் செலவழிக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிளார்க்குக்கு மட்டும், அதுவும் பகுதி நேரத்துக்கு. மற்றவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும்.

1894-ல் சட்டம் வந்துதான் இந்த மன்றங்கள் பிறந்தன. அதற்கு முன் ஊர்க் காரியத்தில் பாதிரியாரும் பண்ணையாரும் வைத்ததே சட்டம். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஷ் கவுன்சிலில் கல்யாணமான பெண்கள்கூட 1894-லேயே ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என் உரிமையானதும் 1960-ல் வந்த சட்டத்தால்தான். அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புது எம்.பி.யாக இருந்த, பின்னால் பிரதமரான மார்கரெட் தாட்சர். அந்த அம்மாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இது ஒன்றுக்கு மட்டும் கும்பிடு.

2021-ல் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் ஜூம் கூட்டத்தில் போட்ட சண்டை வைரலாகி நாடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இந்த மன்றங்கள் என்றாலே கோமாளிக் கூட்டம் என்று அன்றைக்கு விழுந்த முத்திரை இன்னும் போகவில்லை. எங்கள் ஊரில் கடந்த முறை தேர்தலே நடக்கவில்லை. இருந்த இடத்துக்கு மனு போட ஆள் போதவில்லை. இரண்டு நாற்காலி இன்றும் காலி. 'அவங்களுக்கு என்ன பவர் இருக்கு' என்று குழுவில் கேட்பவர்கள்தான் எண்பது மெசேஜில் அறுபது போட்டவர்கள்.

டிஸ்ட்ரிக்ட், கவுண்டி என்ற இரண்டு அடுக்கையும் கலைத்து ஒன்றாக்கப் போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பெரிய அலுவலகம் இன்னும் தூரம் போகும். போன் செய்தால் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல், பின்னால் வயலின். பப் வாசலில் மடக்கி 'ஏங்க இப்படிச் செஞ்சீங்க' என்று கேட்கக்கூடிய ஒரே ஆட்சி இந்த நாய்த் தொட்டி ஆட்சிதான். பவர் இல்லை என்பவர்கள் பவர் கேட்டுச் சண்டை போடலாமே. புல்வெட்டும் பணத்தையாவது மேலே இருந்து இறக்கிக் கொடு என்று கேட்கலாமே. வாட்ஸ்அப்பில் கேட்டால் வராது.

கூட்டம் முடிந்ததும் கிளார்க் அம்மா காலி நாற்காலிக்கான ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். 'நான் இந்திய பாஸ்போர்ட்' என்றேன். காமன்வெல்த் நாட்டுக்காரர், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது, ஊரில் ஒரு வருஷம் ஆகிவிட்டது, தாராளமாகச் சேரலாம் என்றார். தொட்டி விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. படிவம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, 'முதல்ல நம்ம வீட்டு ரீசைக்கிளிங்கை ஒழுங்காப் பிரிச்சுப் போடுங்க, கவுன்சிலர் சார்' என்றாள்.