ஜெயித்துக்கொண்டிருப்பவரையும் எழுப்புங்கள்

போக்கர் சீட்டாட்டத்தில் தோற்கும்போது எழுந்துவிட வேண்டும் என்று புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வென்றுகொண்டிருப்பவரை "போதும், எழுந்திரு" என்று சொல்ல ஒருவரும் இல்லை. கட்டுப்பாடு குலையத் தொடங்குவதே அங்கேதான் என்பேன்.

தோல்வி தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். முகம் சிவக்கும், விட்டதைப் பிடிக்கும் வெறி வரும், வழக்கமாகத் தூக்கிப் போடும் சீட்டுகளுக்கெல்லாம் பந்தயம் ஏறும். ஆட்டக்காரர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். வெற்றியில் வரும் தளர்ச்சி அப்படிக் கண்ணில் படாது. அதைத் திறமை என்றே நினைத்துக்கொள்வோம்.

உங்கள் கையில் இரண்டு ஏஸ், தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிக வலுவான ஜோடி. எதிராளியிடம் அதற்கு அடுத்தபடியான இரண்டு கிங். இருவருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் சீட்டுகள் விழும் முன்பே, பந்தயத்துக்கு வைக்கும் சில்லுகள் எல்லாவற்றையும் இருவரும் நடுவில் தள்ளிவிட்டீர்கள். இதைவிட நல்ல நிலை அரிது. அப்போதும் நூற்றுக்குச் சுமார் 18 முறை நீங்கள்தான் தோற்பீர்கள். தோற்ற நீங்கள் பிழை செய்யவில்லை, வென்றவர் கெட்டிக்காரத்தனம் எதையும் காட்டவுமில்லை. ஆனால் அவர் அன்றிரவே தன்னைப் பெரிய ஆட்டக்காரர் என்று நம்பி, மறுநாள் பந்தயம் கூடிய மேசையில் போய் உட்காருகிறார்.

ஆகவே பணத் தொகையை எல்லையாக வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'இவ்வளவு போனால் நிறுத்துவேன்' என்று காலையில் எடுத்த முடிவை இரவு பதினொன்றரைக்கு மாற்றிக்கொள்வது எளிது. வென்ற பணத்தை, சும்மா வந்ததுதானே என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது அதைவிட எளிது. கடிகாரத்தோடு பேரம் பேச முடியாது. தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025இல் கொண்டுவந்த விதிகள், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடுத்தன. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. 'என் பணம், என் இரவு, அரசுக்கு என்ன வேலை?' என்று சோழிங்கநல்லூர் ஐ.டி. நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். வென்றவரையும் தோற்றவரையும் பாரபட்சமில்லாமல் எழுப்பிவிட்ட ஏற்பாடு அது. நான் அதை மனதார ஆதரித்தேன்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. இப்போது வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில், காசில்லாமல் வெறும் சில்லுகளோடு ஆடுகிறோம். குணம் மட்டும் மாறவில்லை. ஒரு பைசா பெறாத சில்லு குவிந்ததும் ஒருவருக்கு நெஞ்சு நிமிர்கிறது, கண்ட சீட்டுக்கும் பந்தயத்தை ஏற்றுகிறார். அதனால் பத்தரை மணி ஆனால் ஆட்டம் முடிந்தது, யார் கை ஓங்கியிருந்தாலும் சரி.

சிலர் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே நேர வரம்பும் இல்லை, பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதியும் இல்லை. தம்பிகளே, தயவுசெய்து போகாதீர்கள். ஏற்கெனவே போய், நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.