எதற்கெடுத்தாலும் பரபரப்பா?

நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்ததாம். யாருக்கும் காயமில்லை, சற்று நேரத்தில் போக்குவரத்தும் சீராகிவிட்டது. செய்திச் சேனல்காரர்களே, உங்கள் தொலைக்காட்சியில் அந்தச் செய்தியும் எப்படி முடிகிறது? "இந்தச் சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது." அங்கே யாரய்யா பரபரத்தார்கள்? ஒருவரையாவது விசாரித்தீர்களா?

விலை ஏறினால் அதிரடி உயர்வு. இறங்கினால் அதிரடி சரிவு. அதிகாரி கையெழுத்துப் போட்டால் அதிரடி உத்தரவு. எவ்வளவு ஏறியது, எதனால் ஏறியது என்பதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை. காலையில் வந்த செய்தி மாலையிலும் "சற்றுமுன்" என்ற சிவப்புப் பட்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டும் என்கிறார்கள். நிரப்புங்கள், விவரத்துக்கா பஞ்சம்? 1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலி, இன்று செய்தி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டு, பியானோ இசையை ஒலிபரப்பியது. அந்த நாணயத்தில் கால்வாசியாவது வேண்டாமா?

வயிறு எரிவது சாவுச் செய்திகளைப் பார்க்கும்போதுதான். "பதைபதைக்க வைக்கும் சிசிடிவி காட்சி" என்று அலறிவிட்டு, அடிபட்டு விழுகிற மனிதரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறார்கள். நிறுத்துகிறார்கள், பின்னோக்கி ஓட்டுகிறார்கள், மெதுவாக மறுபடியும் விழ வைக்கிறார்கள். பின்னணியில் திகில் இசை வேறு! அந்த வட்டத்துக்குள் இருப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் இது படும். பிறகு அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்தருகே மைக்கை நீட்டி, "இப்போது உங்கள் மனநிலை என்ன?" என்று கேட்கிறார்கள். இதைக் கேட்க எப்படி மனம் வருகிறது?

மழைக்காலம் வந்தால் இன்னும் ஆபத்து. இந்திய வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: பொதுவாக, 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றால் அதைக் கொடுக்கிறார்கள். நீங்களோ முழங்கால்கூட நனையாத மழைக்கே "கோரத் தாண்டவம்", "பேய் மழை", "மிதக்கும் நகரம்" என்று எல்லாச் சொற்களையும் செலவழித்துவிடுகிறீர்கள். உண்மையிலேயே வெள்ளம் வரும் இரவில் என்ன சொல்லி எச்சரிப்பீர்கள்? வழக்கமான கூச்சல்தானே என்று சேனலை மாற்றிவிட்டுத் தூங்கப்போகிறவரை யார் எழுப்புவது?

அடைமொழிகளைத் தூக்கிப் போடுங்கள். எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறுகிறது, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, முகாம் எங்கே இருக்கிறது, உதவிக்கு எந்த எண்ணை அழைப்பது? இவற்றை முதலில் சொல்லுங்கள்.