ஒரே மீட்டரில் நான்கு குடும்பம்

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா, 2023-ல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு போட்டார். நிராகரித்துவிட்டார்கள். இ-சேவை மையத்தில் காரணம் கேட்டோம். மின்சாரம் அதிகமாம்!

வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒரு பில்லுக்கு 600 யூனிட். வசதியானவர்களைக் கழிக்க ஒரு அளவு வேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அக்கா இருப்பது நான்கு போர்ஷன் வாடகை வீடு. மொத்த வீட்டுக்கும் ஒரே இணைப்பு, ஓனர் பெயரில். விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்டார்கள், இவரும் அந்த எண்ணைத்தான் எழுதினார். வேறு எதை எழுதுவார்?

அவர் வீட்டுக் கதவுக்கு மேலே சின்னதாக ஒரு சப் மீட்டர் இருக்கிறது. ஓனர் ரீடிங் எடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துவைப்பார். அப்போது வந்த பில்லில் அக்காவின் கணக்கு 96 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 864 ரூபாய் கொடுத்தார். சொந்த இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், ஒரு பைசா கட்ட வேண்டாம். அரசு தரும் இலவச மின்சாரமும் இவருக்கு வரவில்லை, ஆயிரம் ரூபாயும் வரவில்லை. இரண்டுக்கும் காரணம் அதே மீட்டர்தான். எனக்கு வயிறு எரிந்தது.

ரேஷன் கார்டு நான்கு பேருக்கும் தனித்தனி. முகவரி ஒன்று. ஒரு முகவரியில் எத்தனை கார்டு என்று பார்த்து யூனிட்டை வகுத்திருந்தாலே போதும், இவர் தகுதியானவர் என்று தெரிந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்திருந்தார்கள். வருவாய் கோட்டாட்சியருக்குப் போட்டோம், அந்த நோட்டையும் படமெடுத்து வைத்தோம். அப்புறம் ஒருவர் நேரில் வந்தார். சப் மீட்டரைப் பார்த்தார், ஒற்றை அறையைப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொண்டு போனார். பணம் வந்தது. இந்த ஐந்து நிமிடத்தை நிராகரிப்பதற்கு முன்னால் செலவழிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பக்கத்து போர்ஷன் அம்மாவுக்கும் அதே காரணம் சொல்லித்தான் நிராகரித்தார்கள். வேலைக்கு லீவு போட்டால் கூலி போய்விடும் என்று அவர் அலையவில்லை, 30 நாளும் ஓடிவிட்டது. 2025-ல் அரசு மனு வாங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் வந்தபோதுதான் மறுபடி மனு கொடுத்தார். அந்தத் தடவை நோட்டின் நகலையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.