தன்னார்வலர் செய்வதும் ஆசிரியர் வேலைதான், பயிற்சி மட்டும் ஏன் ஒரே தடவை?

பள்ளிக்கு வெளியே நடக்கும் முறைசாராக் கல்வியில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "அவங்க தன்னார்வலர்தானே, ஆரம்பத்துலயே பயிற்சி கொடுத்தாச்சே" என்று பதில் வந்துவிடுகிறது. 1990-களில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்திலிருந்தே இதைக் கேட்டுவருகிறேன். என்னால் ஏற்கவே முடியாத பதில் இது.

பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரைப் பாருங்கள். பட்டயப் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வு எழுதி வந்தவர். எதிரில் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள், கையில் பாடநூல். அவருக்கே ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையோடு எனக்குப் பல சண்டைகள் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் இல்லை.

இனி இல்லம் தேடிக் கல்வி மையத்தைப் பாருங்கள். கொரோனாவில் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுக்க, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். தொடங்கியபோது, தன்னார்வலர் பிளஸ் டூ படித்திருந்தால் தொடக்க வகுப்புகள் எடுக்கலாம், டிகிரி இருந்தால் ஆறு முதல் எட்டு வரை. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் கோயில் திண்ணையிலோ வீட்டு வாசலிலோ இருபது பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் ஐந்தாம் வகுப்புப் பையனும் ஒரே பாயில். அந்தப் பையனுக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கே வராது. இருபது வருஷ அனுபவமுள்ள ஆசிரியரும் திணறும் வகுப்பு இது. அதைத்தான் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ஒரு கையேட்டோடு ஒப்படைக்கிறோம்.

அப்படியும் அந்தத் தன்னார்வலர்கள் சாதித்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடியதால் ஏற்பட்ட கற்றல் இழப்பைப் பற்றி கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றார்கள். இவ்வளவு செய்தவர்களைக் கூடவே இருந்து வளர்த்துவிட்டிருந்தால் எங்கே போயிருப்பார்கள்!

தொடர் பயிற்சி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கூட்டத்தில் பார்த்ததையே எழுதுகிறேன். தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர் ஒரு பள்ளி வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தன் மையத்துச் சிறுவனின் நோட்டை விரித்தார். 'பாடம்' என்பதை அவன் 'பரடம்' என்று படிக்கிறானாம். 'மரம்' எழுதச் சொன்னால் 'மாம்' என்று எழுதுகிறான். துணைக்காலும் ரகரமும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். "எங்க மையத்துலயும் இப்படி மூணு பேரு இருக்காங்க" என்றார் ஓர் அக்கா. தரையில் ப, பா, ம, மா என்று எழுதி, துணைக்காலை மட்டும் கலர் சாக்பீஸில் போடுவாராம். துணைக்கால் வரும் இடத்தில் பிள்ளை ஓர் எட்டு நீட்டி வைத்து ஓசையையும் நீட்ட வேண்டும். ர வந்தால் கை தட்ட வேண்டும். "ரெண்டு வாரத்துல பிடிச்சுக்கிட்டாங்க தம்பி" என்றார் என்னிடம்.

அடுத்து இன்னொரு நோட்டு. 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தது. கவனக்குறைவு என்றார் ஒருவர். பக்கங்களைப் புரட்டினால் எல்லாக் கழித்தலிலும் அதே தப்பு. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது குழந்தை. அது கவனக்குறைவே இல்லை, தானாக ஒரு விதி வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறது. உடனே ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்குவது எப்படி என்று ஆளாளுக்குச் செய்து பார்த்தார்கள். பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் அதிகம் பேசவேயில்லை.

மண்டபத்தில் 150 பேரை உட்காரவைத்து ஸ்லைடு போட்டால் இது நடக்காது. மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்துக்கு என்று இறங்கிவரும் பயிற்சி, கடைசிப் படியில் தண்ணீர் மோராகத்தான் வந்து சேருகிறது. அதைவிட, அந்தச் சிறுவனின் நோட்டு அங்கே வருவதேயில்லை.

வயது வந்தோர் கல்வியிலும் நிலைமை இதேதான். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை. இதில் தன்னார்வலருக்கு ஊதியமே கிடையாது. நாற்று நட்டுவிட்டு வரும் ஐம்பது வயது அம்மா பென்சிலை அழுத்திப் பிடித்து முனையை உடைத்துக்கொண்டே இருப்பார். வெள்ளெழுத்து. பேரன் பார்த்துவிடுவானோ என்ற கூச்சம் வேறு. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது தனிக் கலை. அறிவொளியில் வாராவாரம் கூடிப் பேசித்தான் அதைக் கற்றோம். முழு எழுத்தறிவு என்று அறிவித்து இயக்கம் ஓய்ந்ததும் கூட்டங்கள் நின்றன. தொண்டர்கள் கலைந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் எங்கள் பகுதியில் மறுபடி கைநாட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

தொடர் பயிற்சி நடக்காத காரியமும் இல்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு முறைசாரா ஆரம்பக் கல்வியைத் தொடங்கியது. ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், பெரிய படிப்பு இல்லாதவர்கள். தொடக்கத்தில் இரண்டு வாரம் போலத்தான் பயிற்சி. ஆனால் அதோடு விடவில்லை. மாதந்தோறும் புத்தாக்கப் பயிற்சி, மேற்பார்வையாளர் அடிக்கடி வகுப்புக்கே வந்து உட்காருவார். அதை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான பள்ளிகளாகப் பெருகினார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் அரை நாள், பக்கத்துப் பள்ளியிலேயே, பதினைந்து பேருக்கு மேல் போகாமல் கூட்டம். பிள்ளைகளின் நோட்டோடுதான் வர வேண்டும். பஸ் காசும் அரை நாள் கூலியும் அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இவர்களில் பலர் தையலோ கடை வேலையோ விட்டுவிட்டு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதைப் பயிற்சி என்று கணக்கெழுதக் கூடாது. இந்த மணிநேரங்கள் ஒரு பட்டயப் படிப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும். பயிற்சி பெறாத பள்ளி ஆசிரியர்களுக்காக 2017 முதல் 2019 வரை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பட்டயப் படிப்பு நடத்தி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தது. அவர்களுக்கு முடிந்தது இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

எந்தத் திட்டமாக இருந்தாலும் சரி, மையம் நடத்தும் தோழர்கள் இங்கே எழுதுங்கள். கடைசியாக எப்போது பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், அதில் என்ன நடந்தது, உங்கள் வகுப்பில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மனுவாகக் கொடுக்கப்போகிறோம்.