முகத்தில் தெரியாத பாதிப்பு

கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளையை முகத்தை வைத்தே பிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே தட்டையான பள்ளம், சிறிய கண்திறப்பு: இந்த அடையாளங்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளிடம் இராது. நேற்றுப் படித்த வாய்ப்பாட்டை இன்று மறப்பது, இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் தடுமாறுவது, இதையெல்லாம் கவனியுங்கோ. அடம் என்று அடித்துப் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, படம் காட்டி, தினமும் அதே ஒழுங்கில்.

மட்டக்களப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் வளர்ச்சிப் பதிவேட்டோடு குடும்பநல மாதுவிடம் போங்கோ, அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.), பிறகு போதனா வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணர். கர்ப்பகாலத்தில் குடித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தாயைக் குற்றவாளியாக்கினால் யார் வாய் திறப்பார்? ‘கள்ளு குளிர்ச்சிதானே’ என்பதும் வேண்டாம். கள்ளோ பியரோ, கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை.