மின்னுவதை வைத்து விஷத்தை அளக்காதீர்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் காரில் சுற்றும்போது இரவில் தேள் தேடப் போறவங்களுக்கு, "புற ஊதா டார்ச்சில் பளிச்சுனு மின்னுற பெரிய தேள்தான் கொடிய விஷம், சின்னது ஒண்ணும் பண்ணாது"ன்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். மன்னிக்கணும், இது தலைகீழ்.

மின்னுறதுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நீலப்பச்சை ஒளி தேளோட மேல்தோட்டில் இருக்கிற வேதிப்பொருள்களால் வருது. அதனால கிட்டத்தட்ட எல்லாத் தேளும் மின்னும். புதுசா தோலுரிச்ச தேள் மட்டும், ஓடு இறுகுற வரைக்கும் சரியா மின்னாது. ஆக, டார்ச்சில் எதுவும் தெரியலைன்னு கல்லுக்கடியில் கை விடுறதும் தப்பு.

அளவு விஷயத்துக்கு வருவோம். அங்கே இருக்கிற ராட்சத ரோமத் தேள் 14 செ.மீ. வரை வளரும். பார்த்தாலே குலை நடுங்கும், ஆனா விஷம் பெரும்பாலும் தேனீ கொட்டுன மாதிரிதான். உண்மையில் பயப்பட வேண்டியது மரப்பட்டைத் தேளுக்கு: 7, 8 செ.மீ.தான், வைக்கோல் நிறம், ஒல்லியான இடுக்கிக் கைகள், மெலிஞ்ச வால். சுவரிலும் மரத்திலும் ஏறும், கல்லைப் புரட்டினா அடிப்பக்கத்தில் தலைகீழா ஒட்டிக்கிட்டிருக்கும். நீங்க விரல் வைக்கிற இடமே அதுதான்! குழந்தைகளைக் கொட்டினா ரொம்ப ஆபத்து. இதுக்கான விஷமுறிவு மருந்துக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைச்சது. கண் தாறுமாறா சுழல்றது, உடம்பு துள்ளுறது, மூச்சுத் திணறல்னு எதைப் பார்த்தாலும் உடனே 911-ஐ (அங்கத்திய அவசர உதவி எண்) கூப்பிடுங்க.

கல்லைக் குச்சியால் புரட்டுங்க. கூடாரத்துக்கு வெளியே கழட்டி வெச்ச ஷூவை உதறாம போடாதீங்க.