‘தவறான உள்ளீடு’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள்

தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தின் களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, மேலே தார்ப்பாய். பட்டியல் எழுத்தர் பெயர், சர்வே எண், பரப்பு, ஈரப்பதம், சிப்பம் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். திரையில் வருவது இரண்டே சொல்: ‘தவறான உள்ளீடு’.

எது தவறு? பன்னிரண்டில் எந்தக் கட்டம்? அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வரும், வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள்.

இது எந்தச் செயலியையும் குறித்து அல்ல. விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட மாதிரிதான். ஆனால் அந்த இரண்டு சொல்லை நம்மில் யாரோ ஒருவர்தான் எழுதுகிறோம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வீட்டிலிருந்தே கோடு (கணினி நிரல்) எழுதுகிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஃபங்ஷன், அதாவது கோடில் ஒரு வேலையைச் செய்கிற பகுதி, வேலையைத் தொடங்கும் முன் எது எது சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் முன்நிபந்தனை. 1969-லேயே கணினி அறிஞர் டோனி ஹோர் இதைக் கணிதமாக எழுதி வைத்துவிட்டார். அதைச் சோதிக்கிற வரியை, அதாவது செக்கை, எழுத வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும், எழுதவும் செய்கிறோம். ஆனால் செக்கை யோசித்து யோசித்து எழுதுகிற கை, எரர் மெசேஜ் வரும்போது அவசரப்படுகிறது. என் கருத்து இதுதான்: நிபந்தனைக்குச் செலவழித்த அதே நேரத்தை மெசேஜுக்கும் செலவழிக்க வேண்டும். எந்த விவரம், அதில் வந்தது என்ன, வர வேண்டியது என்ன, இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

பரப்பளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பட்டாவில் பரப்பு ஹெக்டேர் – ஏர் என்று இருக்கும். ‘0 – 40.50’ என்றால் சுழியம் ஹெக்டேர், 40.50 ஏர். அதாவது 0.405 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அவசரத்தில் 40.50 என்று மட்டும் அடித்தால், உங்கள் ஃபங்ஷன் ஹெக்டேரை எதிர்பார்க்கும் பட்சத்தில் அந்த ஒரு ஏக்கர் நூறு ஏக்கர் ஆகிவிடும். சுழியத்துக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற செக் இதை அப்படியே உள்ளே விட்டுவிடும். விவசாயியிடம் கேட்டால் அவர் ஏக்கரிலும் சொல்ல மாட்டார், ‘மூணு மா’ என்பார். நம் பக்கத்தில் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அந்த மூன்றை ஹெக்டேர் கட்டத்தில் போட்டால் ஏழு ஏக்கருக்கு மேல் காட்டும்.

இங்கே ‘பரப்பு வரம்பை மீறுகிறது’ என்ற மெசேஜ் யாருக்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பரப்பு 40.50 ஹெக்டேர் (சுமார் 100 ஏக்கர்) என்று வந்துள்ளது. ஒரு உட்பிரிவுக்கு இது மிக அதிகம். பட்டாவில் 0 – 40.50 என்று இருந்தால் 0.405 என்று பதியவும்.’

ஏக்கரிலும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ‘நூறு ஏக்கர்’ என்று படித்த அடுத்த நொடி எழுத்தருக்குப் பிழை புரிந்துவிடும். ஹெக்டேரில் மட்டும் சொன்னால் புரியாது. படிப்பவர் மனத்தில் எந்த அளவை ஓடுகிறதோ அந்த அளவையில் பேச வேண்டும். இதைவிட நல்ல வழி, அளவையின் பெயரை ஃபங்ஷன் வாங்குகிற மதிப்பின் பெயரிலேயே வைப்பது. ‘பரப்பு’ என்று வெறுமனே வைக்காமல் ‘பரப்பு_ஹெக்டேர்’ என்று வையுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அடுத்து ஈரப்பதம். 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. ‘ஈரப்பதம் 17-க்கு மேல் என்றால் நிறுத்து’ என்று எழுதுகிறோம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவிடும் கருவியிலிருந்து எண் வராமல் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நான்’ (NaN) மதிப்பு வந்தால்? தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 விதிப்படி அந்த மதிப்பை எதோடு பெரிது சிறிது பார்த்தாலும் ‘இல்லை’ என்றுதான் விடை வரும். 17-ஐவிடப் பெரிதா? இல்லை. அப்படியானால் உள்ளே போ! அளக்கவே அளக்காத நெல், காய்ந்த நெல்லாகப் பதிவாகிவிடும். அதனால் நிபந்தனையைத் திருப்பிப் போடுங்கள்: சுழியத்துக்கு மேலும் வரம்புக்குள்ளும் இருந்தால் மட்டும் விடு, மற்ற எதுவானாலும் நிறுத்து. நிறுத்தும்போது ‘ஈரப்பதம் அதிகம்’ என்பதும் ‘கருவியிலிருந்து அளவு வரவில்லை, இணைப்பைப் பார்த்து மறுபடி அளக்கவும்’ என்பதும் தனித்தனி மெசேஜாக இருக்க வேண்டும். முதலாவதற்கு நெல்லைக் காயவைக்க வேண்டும், இரண்டாவதற்கு ஒயரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டால், சரியாகக் காய்ந்த நெல்லையே ஒருவர் மறுபடி களத்தில் பரப்பிக்கொண்டிருப்பார்.

அந்த 17-ஐ கோடுக்குள் நேராக எழுதவும் கூடாது. மழையில் பயிர் நனைந்த ஆண்டுகளில் மத்திய அரசு வரம்பைத் தளர்த்தியது உண்டு. வரம்பு வெளியே ஒரு அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து என்ற விவரத்தோடு இருக்கட்டும். மெசேஜும் அங்கிருந்தே எடுத்து ‘இன்றைய வரம்பு இவ்வளவு’ என்று சொல்லட்டும். செக் புதிய வரம்பைப் பார்க்கும், மெசேஜ் மட்டும் பழைய 17-ஐயே சொல்லும் என்ற நிலை வந்தால், வாசலில் தேவையில்லாத சண்டைதான்.

ஊர்ப் பெயரில் வருகிற சிக்கல் தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கிற விதத்தால் வருவது. ‘கொரடாச்சேரி’ பட்டியலில் கண் முன்னே இருக்கிறது. ஆனாலும் ‘ஊர் இல்லை’ என்று வருகிறது. காரணம், ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஒன்றில் 11 குறியீடு, மற்றதில் 12. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ‘என்எஃப்சி’ என்ற யூனிகோடின் ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடித்திருந்தால் அதையும் இது சரிசெய்யும் என்று நம்பாதீர்கள், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால் வந்த மதிப்பை எப்போதும் மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள், கடைசியில் இருக்கிற இடைவெளி தெரியும். லாகில், அதாவது செயலி தானாக எழுதி வைக்கும் பதிவேட்டில், குறியீட்டு எண்களையும் எழுதி வையுங்கள். எழுத்தருக்கு அது வேண்டாம், திருத்தப் போகிற உங்களுக்கு வேண்டும்.

வங்கி விவரம் எளிது. வங்கிக் கிளைக்கான ஐஎஃப்எஸ்சி குறியீடு என்றால் 11 இடம், ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம். அங்கே ‘ஓ’ எழுத்தை அடித்திருந்தால் அதையே சொல்லுங்கள்: ‘ஐந்தாவது இடத்தில் சுழியம் வர வேண்டும், ஓ எழுத்து வந்துள்ளது.’ கணக்கு எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள், முன்னால் இருக்கிற சுழியங்கள் போய்விடும்.

நான் பார்க்கிற கோடுகளில் மெசேஜைவிட மோசமாக இருப்பது செக் வைக்கிற இடம். முதலில் இருப்பில் 60 சிப்பத்தைக் கூட்டுகிறது, பிறகு பட்டியல் எண் போடுகிறது, அதற்கப்புறம் வங்கி விவரத்தைச் சோதித்துவிட்டு ‘தவறு’ என்று நிற்கிறது. சிப்பத்துக்கு 40 கிலோ என்றால், 2,400 கிலோ நெல் யார் பெயரிலும் இல்லாமல் இருப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எழுத்தர் திருத்திவிட்டு மறுபடி அழுத்துவார், இன்னொரு 60 ஏறும். ஈரம் பார்க்காமல் சாக்கில் பிடித்துத் தைத்துவிட்டு, லாரியில் ஏற்றும்போது ஈரம் பார்ப்போமா? எதையும் தொடும் முன் எல்லாச் செக்கும் முடிந்திருக்க வேண்டும். பாதியில் பிழை வந்தால் மாற்றங்களைத் திருப்பிவிட டேட்டாபேஸில் டிரான்சாக்ஷன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், அது கடைசிக் காப்பு. அதற்குள் போய்விட்ட எஸ்எம்எஸ்ஸை அதனால் திரும்ப அழைக்க முடியாது.

மனிதர் நிரப்புகிற படிவத்தில் முதல் பிழையோடு நிற்காதீர்கள். நான்கு பிழை இருந்தால் நான்கையும் ஒரே தடவையில், அந்தந்தக் கட்டத்துக்குக் கீழே காட்டுங்கள். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று நாலு முறை நடக்கவிடுவது அநியாயம். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைத் தப்பாகக் கூப்பிடும் இடத்தில் மட்டும் முதல் பிழையிலேயே நின்றுவிடுவது சரி.

எந்த வகைப் பிழை என்று பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். கோட்லின் என்ற நிரல் மொழியில், கொடுத்த மதிப்பு தப்பு என்றால் ‘ரிக்வயர்’, பொருளின் நிலை தப்பு என்றால் ‘செக்’ என்று மொழியே பிரித்து வைத்திருக்கிறது. பைத்தானில் பலர் எல்லாவற்றுக்கும், நிபந்தனை பொய்யானால் நிறுத்துகிற ‘அசெர்ட்’ வரியைப் போடுகிறார்கள். ‘ஹைஃபன் ஓ’ (-O) தெரிவோடு ஓட்டினால் அந்த வரிகள் அத்தனையும் நீங்கிவிடும். ஜாவாவிலோ தனியாக இயக்கிவிட்டால்தான் அசெர்ட் வேலையே செய்யும். வெளியிலிருந்து வருகிற தகவலுக்கு அசெர்ட்டைக் காவலாக வைப்பது, மடையில் பலகை போடாமல் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது போல.

ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ஒவ்வொரு மதிப்பையும் சோதிக்கச் சொல்லவில்லை. தகவல் உள்ளே நுழைகிற இடத்தில் முழுமையாகச் சோதித்து, சரிபார்த்த தகவலுக்குத் தனி டைப் (தகவல் வகை) கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற ஃபங்ஷன்கள் அந்த டைப்பை மட்டும் வாங்கட்டும்.

இரண்டு விஷயம் மீதி. ஆதார் எண், கணக்கு எண் இவற்றை மெசேஜிலோ லாகிலோ முழுதாக எழுதாதீர்கள், கடைசி நான்கு இலக்கம் போதும். அப்புறம், டெஸ்ட் எழுதும்போது பிழை வந்ததா என்று மட்டும் பார்க்காமல், மெசேஜில் கட்டத்தின் பெயரும் வந்த மதிப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு முன், அந்த வரியைக் கோடு எழுதத் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் யோசித்து நின்றால் மறுபடி எழுதுங்கள்.